பின்கட்டு வீட்டைத் தையல் அறையாக மாற்ற: ஓதம், வெயில், அடைமழைக்குத் தயார் செய்யும் முழு வழிகாட்டி

அடுத்தவர் வீட்டுக் கல்யாணப் பட்டு நம்மிடம் பத்துப் பதினைந்து நாள் தங்கும். தையல் அறை அமைக்கிறவர்கள் மிஷினை எங்கே போடுவது, கண்ணாடியை எங்கே மாட்டுவது என்று யோசிப்பதற்கு முன்னால் இதை மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நம் துணியில் பூஞ்சை பிடித்தால் துவைத்துப் போட்டுக்கொள்ளலாம், வாடிக்கையாளர் துணியில் பிடித்தால் என்ன சொல்லி ஈடு செய்ய முடியும்?

எங்கள் வீடு கடலூரில், கடற்காற்று படும் தூரத்தில். பின்னால் 10க்கு 14 அடியில் ஒற்றை அறை வீடு ஒன்று உண்டு, செங்கல் சுவர், பிற்பாடு போட்ட கான்கிரீட் தளம், முன்னால் ஆஸ்பெஸ்டாஸ் போட்ட சின்னத் தாழ்வாரம். ஆயா இருந்தவரை அவர் புழங்கினார், அப்புறம் பல வருஷம் அடைத்தே கிடந்தது. கூடத்தில் இடம் போதாமல் தையலை அங்கே மாற்ற முடிவு செய்தபோது நான் செய்த முதல் வேலை பெயிண்ட் அடித்தது. ஆவணியில் அடித்து, அழகாக இருக்கிறது என்று எல்லோரும் சொல்லி, ஐப்பசி அடைமழையில் அடிச்சுவர் முழுக்கக் கொப்பளித்து, கார்த்திகையில் அலமாரியில் மடித்து வைத்திருந்த ஒரு வளைகாப்புப் புடவையில் சாம்பல் நிறப் பொட்டுகள் விழுந்திருந்தன. டிரை வாஷ் கொடுத்தும் முழுதாகப் போகவில்லை. அந்த அம்மா என்னைத் திட்டக்கூட இல்லை. அதுதான் இன்னும் உறுத்துகிறது.

அதன்பின் எல்லாவற்றையும் பிரித்து, சரியான வரிசையில் மறுபடி செய்தேன். முதலில் தண்ணீர், அடுத்து வெயில், அப்புறம் காற்று, பிறகு கரண்ட், கடைசியில்தான் பெயிண்ட். இந்த வரிசையை மாற்றினால் செலவு இரட்டிப்பாகும்.

எந்த மாதத்தில் எதைச் செய்வது

மொட்டை மாடி வேலைக்குக் காய்ந்த தளம் வேண்டும், ஆகவே பங்குனி, சித்திரையில் முடித்துவிடுங்கள். மே கடைசியில் பள்ளிச் சீருடை வந்து குவியும், வைகாசி, ஆனியில் முகூர்த்த பிளவுஸ்கள், அப்போது அறையைக் கலைக்க முடியாது. ஆடியில் கல்யாணம் இல்லை, கை ஓய்ந்திருக்கும், காய்ந்த காற்றும் அடிக்கும். சுவர், வயரிங் வேலையைத் தொடங்க ஆடியே நல்ல மாதம், சுவர் காய்ந்தபின் பெயிண்ட். புரட்டாசிக்குள் வாசம் போக உலர்ந்துவிட்டால் தீபாவளி நெருக்கடிக்குத் தயார்.

முதலில் காலி செய்து, அறையைப் பாருங்கள்

ஒரு சாமான் விடாமல் வெளியே எடுங்கள். பழைய மரப் பெட்டி, அட்டை, செய்தித்தாள் கட்டு இவற்றில்தான் கரையானும் ராமபாணப் பூச்சியும் குடியிருக்கும், வெட்டித் துணி மூட்டைகூட பழசாக இருந்தால் கொடுத்துவிடுங்கள். காலியான அறையின் கதவு, ஜன்னல்களைப் பகலில் திறந்துவைத்து ஒரு வாரம் விடுங்கள். அடைத்த வீட்டின் வாடையில் பாதி இதிலேயே போய்விடும். மீதி வாடை எங்கே நிற்கிறதோ அந்த மூலையில்தான் ஈரம் இருக்கிறது.

சுவரில் கருப்பாகவோ பச்சையாகவோ பூஞ்சை இருந்தால் காய்ந்த துடைப்பத்தால் தட்டாதீர்கள், விதைத்த மாதிரி அறை முழுக்கப் பரவும். மூக்கைக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் துடைத்து, பிறகு பிளீச்சிங் பவுடர் கரைசல் தடவிக் கால் மணி நேரம் கழித்துக் கழுவுங்கள். பிளீச்சிங் பவுடரோடு பாத்ரூம் ஆசிட்டையோ வினிகரையோ கலந்துவிடக் கூடாது. அதிலிருந்து வரும் குளோரின் வாயு மூச்சைப் பிடித்துவிடும்.

தண்ணீர் எந்த வழியாக வருகிறது

ஈரம் வரும் வழிகள் மூன்று: மேலே தளத்திலிருந்து, கீழே மண்ணிலிருந்து, அறைக்குள் இருக்கும் காற்றிலிருந்து. எது என்று தெரியாமல் வாட்டர்ப்ரூஃப் பெயிண்ட் வாங்குவதுதான் பெரும்பாலோர் செய்கிற தவறு, நானும் செய்தேன். ஒன்றரை அடிச் சதுரத்தில் ஒரு பாலித்தீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு பக்கமும் டேப் ஒட்டி இரண்டு நாள் விடுங்கள். தாளுக்குப் பின்னால் நீர் கோத்திருந்தால் ஈரம் சுவருக்குள்ளிருந்து வருகிறது. அறையைப் பார்த்த பக்கம் நீர் கோத்திருந்தால் காற்றில் ஈரம் அதிகம், அதற்குச் சுவரை இடிக்க வேண்டியதில்லை.

தளத்தைச் சோதிக்க, வடிகுழாய் வாயைச் சாக்கால் அடைத்து இரண்டு அங்குலம் தண்ணீர் கட்டி ஒரு நாள் முழுக்க நிறுத்திப் பாருங்கள். கசியும் இடத்தை உள்ளே சாக்பீஸால் குறியுங்கள். தண்ணீரைத் திறந்துவிட்ட பிறகு எங்கே குட்டை நிற்கிறது என்றும் பாருங்கள். தளத்துக்கு 10 அடிக்கு ஒன்றரை அங்குலமாவது வாட்டம் (சரிவு) வேண்டும், அது இல்லாமல் என்ன பூசினாலும் நிற்காது. விரிசலை அப்படியே மூடாமல் 'வி' வடிவில் கீறி, தூசி போகக் கழுவிக் காயவைத்து, விரிசல் அடைக்கும் பாலிமர் கலவையால் நிரப்பச் சொல்லுங்கள். வெறும் சிமெண்ட் அடுத்த வெயிலிலேயே விட்டுவிடும். கைப்பிடிச் சுவரும் தளமும் சேரும் மூலையில் கலவையை உருட்டிச் சரிவாகப் பூச வேண்டும், பெரும்பாலும் கசிவது அங்கேதான். எங்கள் தளத்தில் வாட்டமே இல்லாததால் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு மேலே தட்டோடு பதித்தோம். செலவு கூடத்தான். ஆனால் ஒழுகலும் நின்றது, வெக்கையும் குறைந்தது.

இனி அடிச்சுவர். தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை உப்புப் பூத்து, காரை கையோடு வந்தால் அது மண்ணிலிருந்து ஏறும் ஓதம். இதற்கு மருந்து வெளியே இருக்கிறது. வீட்டைச் சுற்றி வருஷக்கணக்கில் மண் ஏறி வெளித்தரை உள்தரைக்குச் சமமாக வந்திருக்கும், அந்த மண்ணை வெட்டி எடுத்து உள்தரையைவிட ஆறு அங்குலமாவது தாழ்த்துங்கள். துணி துவைக்கும் கல், குளியல் தண்ணீர் போகும் வாய்க்கால், சுவரை ஒட்டி நட்ட வாழை எல்லாவற்றையும் தள்ளிவையுங்கள். மாடித் தண்ணீர் குழாய் சுவரோரமே கொட்டினால் அதை நீட்டி மழைநீர்த் தொட்டிக்குக் கொண்டுபோங்கள். தமிழ்நாட்டில் 2003-இல் எல்லாக் கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமானபோது எங்கள் தெருவில் பல வீடுகளில் இடம் இல்லை என்று சுவரை ஒட்டியே குழி எடுத்தார்கள். அந்தக் குழியே பிறகு ஓதத்துக்குக் காரணமாகிவிட்டது. குழி நான்கைந்து அடியாவது தள்ளி இருக்கட்டும்.

வெளிவேலை முடிந்தபின் உப்பைக் காய்ந்த பிரஷால் தேய்த்து எடுங்கள். தண்ணீர் விட்டுக் கழுவினால் உப்பு கரைந்து மறுபடி சுவருக்குள்ளேயே போகும். ஈரக்கோட்டுக்கு ஒரு அடி மேல்வரை பழைய காரையைச் செதுக்கிவிட்டுச் செங்கலைக் காயவிடுங்கள். கனமான சுவர் காய ஒரு அங்குலத்துக்கு ஒரு மாதம் என்று கணக்குச் சொல்வார்கள், அவ்வளவு காத்திருக்க முடியாவிட்டாலும் வெயில் காலத்தில் ஆறேழு வாரமாவது கொடுங்கள். பழைய செங்கல் சுவருக்குச் சுண்ணாம்புக் காரைதான் என் தேர்வு. ஈரம் இருந்தாலும் அது மூச்சுவிட்டுக் காய்ந்துகொள்ளும், சிமெண்ட் பூச்சு ஈரத்தை உள்ளே அடைத்து இன்னும் மேலே ஏற்றிவிடும்.

வெயில்

கான்கிரீட் தளம் பகல் முழுக்க வாங்கிய சூட்டை மெதுவாகத்தான் கீழே இறக்கும். மதியம் 12 மணிக்கு இல்லாத புழுக்கம் மாலை 5 மணிக்கு இருப்பது அதனால்தான். நமக்கோ சமையல், பிள்ளைகள் வேலை முடிந்து தைக்க உட்காரும் நேரமே மதியம் இரண்டிலிருந்து ஆறு வரை! கத்திரி வெயிலில் வியர்வைக் கையோடு வெள்ளை லைனிங் தொட முடியாது.

குறைந்த செலவில் அதிகப் பலன் தருவது மாடிக்கு வெள்ளை. கல் சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி, துணியில் வடிகட்டி, பெவிகால் போன்ற பசை கொஞ்சம் சேர்த்து, தளத்தை நனைத்துவிட்டு மாலை வேளையில் குறுக்கும் நெடுக்குமாக இரண்டு மூன்று கோட் அடியுங்கள். நீற்றும்போது கொதிக்கும், பிள்ளைகளைப் பக்கத்தில் விடாதீர்கள், கண்ணில் பட்டால் ஆபத்து. சுண்ணாம்பு ஒரு மழைக்காலம்தான் தாங்கும், வருஷா வருஷம் அடிக்க வேண்டும். சில வருஷம் தாங்கும் கூல் ரூஃப் பெயிண்டும் கிடைக்கிறது, ஆனால் தளத்தை நன்றாகக் கழுவி அடிக்காவிட்டால் அதுவும் உரியும். தூசியும் பாசியும் படிந்தால் எந்த வெள்ளையும் வேலை செய்யாது, அடிக்கடி பெருக்குங்கள்.

அடுத்தது மேற்குச் சுவரும் மேற்கு ஜன்னலும். திரைச்சீலை உள்ளே போடுவதைவிட மூங்கில் தட்டி வெளியே கட்டுவது பல மடங்கு மேல், வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்தபின் அந்தச் சூடு அறையிலேயே தங்கிவிடும். நான் சுவரிலிருந்து ஒரு அடி தள்ளிக் கம்பி கட்டிப் பீர்க்கன் கொடி ஏற்றினேன். சுவரிலேயே படரவிட்டால் ஈரமும் பூச்சியும் சேரும், அந்த ஒரு அடி இடைவெளி முக்கியம்.

ஆஸ்பெஸ்டாஸ் தாழ்வாரம் இருக்கிறவர்கள் கவனிக்க வேண்டும். அதில் துளை போடுவது, அறுப்பது, காய்ந்த பிரஷால் சுரண்டுவது எதுவும் வேண்டாம். அந்த இழை நுரையீரலுக்குள் போனால் பல வருஷம் கழித்துப் புற்றுநோய்வரை கொண்டுபோகும். நாங்கள் கூரையைத் தொடாமல், தனியாகக் கால் நட்டு அதற்கு மேல் பசுமை வலை இழுத்துக் கட்டினோம். உடைந்த ஓடாக இருந்தால் விவரம் தெரிந்தவர்களைக் கொண்டு நனைத்து, முழுதாக இறக்கச் சொல்லுங்கள்.

காற்று, ஈரப்பதம்

300, 400 ரூபாய்க்கு ஈரப்பதமானி கிடைக்கிறது. கடிகாரம் மாதிரி சுவரில் மாட்டுங்கள், தையல் அறைக்கு நான் வாங்கியதிலேயே உபயோகமான பொருள் அது. 50-லிருந்து 60 சதவீதம் வரை இருந்தால் துணிக்கும் மிஷினுக்கும் நல்லது. 65-ஐத் தாண்டி நாள்கணக்கில் நின்றால் பூஞ்சைக்கு வழி திறக்கிறது என்று பொருள்.

ஜன்னலை எப்போதும் திறந்துவைப்பது நல்லது என்று நினைப்போம், ஆனால் கோடையில் காலை ஒன்பது மணிக்கு மேல் வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிடச் சூடு. அப்போது மூடிவைத்து, கடற்காற்று வந்தபின் திறந்து, இரவில் வலை போட்ட ஜன்னல் வழியாகச் சூட்டை வெளியேற்றுங்கள். மழைக்காலத்தில் பெய்து ஓய்ந்து வெயில் தலைகாட்டும் இரண்டு மணி நேரம் திறந்தால் போதும். கதவுக்கு எதிர்ச் சுவரில் உயரத்தில் ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வையுங்கள். அயர்ன் செய்யும்போது வரும் ஆவி அறையில் தங்காமல் போய்விடும், துணிப் பஞ்சும் குறையும்.

ஏர் கூலர் வாங்கலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். வேலூர், திருச்சி மாதிரி காய்ந்த வெயில் ஊர்களில் கோடையில் அது நன்றாகவே வேலை செய்யும். சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி போன்ற கடலோரத்தில் வேண்டவே வேண்டாம், ஏற்கெனவே ஈரமான காற்றில் இன்னும் தண்ணீரைத் தெளித்து, குளிர்ச்சியும் இல்லாமல் ஊசியும் துருப்பிடித்துத் துணியும் சவசவத்துப் போகும். கையில் பணம் இருந்தால் சின்ன ஏசி போட்டு மழைக்காலத்தில் டிரை மோடில் தினம் ஒரு மணி நேரம் ஓட்டலாம், ஈரம் இறங்குவது மானியில் கண்ணெதிரே தெரியும். இல்லாவிட்டால் மேலே ஒரு பிஎல்டிசி (கரண்ட் குறைவாக எடுக்கும் மோட்டார் உள்ள) ஃபேனும், முதுகுப் பக்கம் ஒரு சுவர் ஃபேனும் போதும். பிஎல்டிசி சுமார் 30 வாட்தான் எடுக்கும், பழைய ஃபேன் 75. கட்டிங் டேபிளுக்கு நேர் மேலே ஃபேன் வந்தால் பேட்டர்ன் பேப்பர் பறக்கும், தள்ளி மாட்டுங்கள்.

கரண்ட், வெளிச்சம்

இங்கே சிக்கனம் பார்க்காதீர்கள். அயர்ன் பாக்ஸ் மட்டுமே 1000 வாட், மெயின் வீட்டிலிருந்து எக்ஸ்டென்ஷன் போர்டில் இழுத்து வைத்துத் தைக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பதறும். சுற்றிலும் நூலும் சின்தடிக் துணியும் கிடக்கிற அறை அது. பின்கட்டுக்குத் தனி எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழும் சுவிட்ச்), அயர்னுக்கு 2.5 சதுர மி.மீ. ஒயரில் தனி 16 ஆம்ப் பிளக், முறையான எர்த், அதோடு 30 மில்லி ஆம்ப் ஆர்சிசிபி (கரண்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்). ஓதம் ஏறும் சுவர் உள்ள வீட்டில் இந்தக் கடைசிப் பொருள் உயிர் காக்கும். பிளக் எல்லாம் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்தில் இருக்கட்டும், சின்ன வெள்ளம் எட்டாது, குனியவும் வேண்டாம். மிஷினுக்கு மோட்டார் மாற்றுகிறவர்கள் செர்வோ மோட்டார் பாருங்கள், மிதிக்கும்போது மட்டும் ஓடும், சத்தமும் சூடும் குறைவு.

மிஷினை ஜன்னல் இடக்கைப் பக்கம் வரும்படி போட்டால் வலக்கை நிழல் தையலில் விழாது. வடக்கு ஜன்னல் கிடைத்தால் விடாதீர்கள், நாள் முழுக்க ஒரே சீரான வெளிச்சம். நூலுக்கு நிறம் சேர்ப்பது விளக்கில் ஏமாற்றும், கருநீலமும் கருப்பும் ஒன்றாகத் தெரியும். சிஆர்ஐ (நிறத்தை உள்ளபடி காட்டும் திறனின் அளவு) 90-க்கு மேல் என்று அட்டையில் போட்ட எல்இடி விளக்கு ஒன்றாவது கட்டிங் டேபிள் மேல் வேண்டும். மற்றபடி ஊசிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன விளக்கு.

பெயிண்ட், தரை

இப்போதுதான் பெயிண்ட். அடிச்சுவர் மூன்றடிக்குச் சுண்ணாம்பு, மேலே வெள்ளையோ மோர் நிறமோ எமல்ஷன். ஓதமுள்ள சுவரில் எனாமல் வேண்டாம், கொப்பளிக்கும். அடர்ந்த நிறம் அடித்தால் துணி மேல் அந்தச் சாயல் விழுந்து நிறம் குழம்பும், ஆசைப்பட்டால் கதவுக்கு அடித்துக்கொள்ளுங்கள். தரையில் சந்து இருந்தால் அடைத்து வழவழப்பாக்குங்கள், குண்டூசி தேங்காது. எங்கள் சிவப்புச் சிமெண்ட் தரையை மெழுகு போட்டுத் தேய்த்ததோடு சரி.

துணியும் மிஷினும்

அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் மூன்று அங்குலம் தள்ளி, ஒரு அடிக் கால் மேல் வையுங்கள். அந்த வளைகாப்புப் புடவை கெட்டது ஓதச் சுவரோடு ஒட்டியிருந்த கடைசித் தட்டில்தான். ஒவ்வொருவர் துணியும் தனித்தனிக் காடாத் துணிப் பையில், அளவு பிளவுஸோடு, வெளியே பெயரும் தேதியும் எழுதிய சீட்டோடு. பட்டுத் துணியை பிளாஸ்டிக் கவரில் வைக்காதீர்கள், உள்ளே வியர்த்து ஜரிகை கருக்கும். பாச்சை உருண்டையும் ஜரிகையில் நேரே படக்கூடாது. நான் வசம்புத் துண்டையும் வேப்பிலையையும் துணியில் முடிந்து தட்டு மூலையில் வைக்கிறேன். வேப்பிலை சருகாகக் காய்ந்திருக்க வேண்டும், பச்சையாக வைத்தால் அதுவே ஈரம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடுவது எங்கள் வீட்டுப் பழக்கம், ஆனால் புகை வாசம் அடுத்தவர் துணியில் ஏறும். துணிப் பைகளை மெயின் வீட்டுக்கு எடுத்துவிட்டு மாதம் ஒருமுறை மட்டும் போடுகிறேன். அறையில் சமையலோ டீ போடுவதோ இல்லை.

மழைக்காலத்தில் மிஷினைப் பருத்தித் துணியால் மூடுங்கள், பிளாஸ்டிக் உறைக்குள் ஈரம் சிக்கிக்கொள்ளும். இரவில் பாபின் கேஸைத் துடைத்து ஒரு சொட்டு மிஷின் எண்ணெய், காலையில் எடுத்ததும் வெட்டித் துணியில் நாலு தையல். அந்த எண்ணெய் முதல் பிளவுஸில் படாமல் இருக்க இது கட்டாயம். ஊசிகளை எண்ணெய் தொட்ட துணியில் குத்தி டப்பாவில் போடுங்கள்.

புயல் அறிவிப்பு வந்தால்

2011 டிசம்பர் 30 அன்று 'தானே' புயல் எங்கள் கரையைக் கடந்ததைப் பார்த்தவர்கள் யாரும் இந்தப் பகுதியை விட்டுவிட மாட்டார்கள். அறிவிப்பு வந்த அன்றே, காற்று எழும் முன், மாடி வடிகுழாய் வாயில் இலை அடைத்திருக்கிறதா பாருங்கள், பசுமை வலையையும் மூங்கில் தட்டியையும் கழற்றி உள்ளே போடுங்கள். வாடிக்கையாளர் துணி முழுவதும் மூடி போட்ட பிளாஸ்டிக் டிரம்மில் அடைத்து மெயின் வீட்டுப் பரணுக்குப் போக வேண்டும். ஓரிரு நாளுக்குப் பிளாஸ்டிக் பரவாயில்லை, புயல் ஓய்ந்ததும் பிரித்து ஆறவிடுங்கள். மிஷின் தலையைக் கீலிலிருந்து கழற்றி எடுத்துவிடலாம், ஸ்டாண்டு நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம். ஓவர்லாக் மோட்டார், அயர்ன் பாக்ஸ், கணக்கு நோட்டு இவையும் உயரத்துக்கு. கடைசியாகப் பின்கட்டு எம்சிபியை இறக்கிவிட்டுப் பூட்டுங்கள்.

தண்ணீர் உள்ளே வந்து வடிந்திருந்தால், எவ்வளவு அவசர பிளவுஸ் இருந்தாலும், சுவரில் பிளக் காயாமல் எம்சிபியை ஏற்றாதீர்கள். எலக்ட்ரீஷியன் பார்த்த பிறகே மோட்டார் ஓட வேண்டும். நனைந்த மிஷினைக் கழுவித் துடைத்து, எல்லாத் துளையிலும் எண்ணெய் விட்டுச் சக்கரத்தைக் கையால் சுற்றிக்கொண்டே இருங்கள், சுற்று லேசானபின் பெல்ட் மாட்டலாம். அதுவரை அவசரத் துணிக்குக் காஜா, எம்மிங், ஊக்கு என்று கைத்தையல் வேலையை மெயின் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து முடித்துவிடலாம்.